பின்சீட்டின் எடை

1935 ஜனவரி 6, ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிஷம். பனி விலகிக்கொண்டிருந்தது, காற்று இல்லை. அடையாற்றில் ஒரு காலி மைதானத்தில் என் காரும் மைத்துனன் காரும் நின்றன. மூன்று சுற்றுப் பந்தயம். தோற்றவர் கார் சாவி ஒரு வருஷம் ஜெயித்தவரிடம். அவன் கார் என்னுடையதைவிட வேகமானது. மைதானமோ மேடும் பள்ளமும். ஆகவே நான் ஷாக் அப்சார்பரை நம்பினேன்.

அந்தக் காலத்தில் அது இரண்டு இரும்புக் கைகள், நடுவே உராயும் மரத் தகடுகள், இறுக்க ஒரு நட்டு, அவ்வளவுதான். தளர்ந்தால் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். மிஞ்சி இறுகினால் சக்கரம் தரையை விட்டுக் குதிக்கும். சரியான இடம் தெரிய, பதினெட்டு மாலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மாட வீதிகளைச் சுற்றினேன். காரைக் காலியாக எடுத்துப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பின்சீட்டில் மனைவியும் மாமியாரும். மாமியார் என்னோடு நேரே பேசமாட்டார். "வயத்தைக் கலக்கறதுன்னு சொல்லுடி" என்பார். மனைவி சொல்வாள், நான் திருகுவேன். பதினெட்டாம் நாள், "இப்போ தேவலைன்னு சொல்லு" என்று வந்தது.

பந்தயத்துக்காகக் காரை இலேசாக்கினேன். ஸ்டெப்னியையும் ஸ்பானர் பெட்டியையும் வீட்டில் வைத்தேன். பெண்கள் இருவரும் மைத்துனன் காரில் வந்தார்கள்.

ஒத்திகைச் சுற்றில் என் கார் தவளைபோல் தத்தியது. மைத்துனனிடம் ஸ்பானர் கேட்டேன்.

"பந்தயத்தன்னிக்கு இரவல் கிடையாது, அத்திம்பேர்."

மாமியார் மகளிடம் திரும்பினார். "நம்ம ரெண்டு பேரையும் உக்காத்தி வச்சு முடுக்கினது, காலியாப் போனா குதிக்காதா? ஏறிக்கறேன்னு சொல்லு. ஒரு பட்டுப் புடவை."

"உன் பிள்ளைக்கு எதிராவாம்மா?" என்றான் மைத்துனன்.

"நீ புடவை வாங்கித் தந்து நாலு தீபாவளி ஆச்சுடா."

"எனக்கும் ஒண்ணு," என்றாள் மனைவி. "நடுவில சொல்ல ஆள் வேண்டாமா?"

"இது பந்தயமா, கல்யாண ஊர்வலமா?" என்றான் மைத்துனன்.

நேர் தடத்தில் அவன் முந்தினான். திருப்பங்களில் அவன் கார் வழுக்கி வெளியே போயிற்று. என்னுடையது தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. கடைசித் திருப்பத்தில் பின்னாலிருந்து, "மெதுவாப் போகச் சொல்லுடி" என்று மாமியார் முனகியது எனக்கே கேட்டது.

"வேகமாப் போகச் சொல்றா," என்றாள் மனைவி.

அரைக் கார் நீளத்தில் ஜெயித்தேன். என் சாவி என்னிடமே இருந்தது. அவன் சாவியும் வந்து சேர்ந்தது. மறுநாள் மாலை ஜவுளிக் கடையில் இரண்டு பட்டுப் புடவை, ரவிக்கைத் துணி உட்பட: தொண்ணூற்றேழு ரூபாய் ஆறணா.