குசினி ஜன்னல் சிக்னல்

“ஹலோ! கேக்குதாடா? மூஞ்சியக் காட்டுடா, காத்தாடிதான் தெரியுது!”

குசினிக்குள், அடுப்பை ஒட்டிய ஜன்னலோரம் மூக்காயி அக்கா போட்ட சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. வாசலை ஒட்டிய முன்காம்பராவில் ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மகள் அழைக்கும் நேரம் இது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, அந்த றப்பர்த் தோட்டத்தின் கடைசி லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அவளுடைய குசினி ஜன்னல். அது அவள் செய்த பாவம். றப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து நிம்மதியாக உலை வைக்க முடியாது. ஒருத்தி பிள்ளையின் ஒன்லைன் பாடத்துக்கு வருவாள். இன்னொருத்தி மருமகளோடு சண்டை போட வருவாள். வந்தவரைப் போகச் சொல்லும் வழக்கம் லயத்தில் இல்லை. குடிக்கப் பிளேன்டி வேறு கொடுக்க வேண்டும். மூக்காயி அக்காவோ போன்கூட இல்லாமல் வருபவள். “ரெண்டே வார்த்த புள்ள” என்று ஜீவராணியின் போனை வாங்கி, கத்தாரிலிருக்கும் மகன் சுமனோடு ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள்.

மற்ற நாளென்றால் பொறுத்திருப்பாள். இன்று வெள்ளிக்கிழமை, குவைத்தில் லீவு நாள். “போகாதே” என்று காலில் விழாத குறையாக அழுத தாயை மீறிக் குவைத்துக்குப் போன டிலானி, தீபாவளியிலிருந்து பேசவே இல்லை. இன்று அழைப்பதாகத் தோழி மூலம் சொல்லியனுப்பியிருந்தாள்.

“அக்கா, போதும்! எம்மவ எடுப்பா!”

“இந்தா முடிச்சிட்டேன். நடுவுல வேற என்னமோ டிங்கு டிங்குனு வந்து தொல்ல குடுத்துச்சு. செவப்ப அமுக்கிவிட்டேன்.”

ஜீவராணி போனைப் பிடுங்கினாள். திரையில் டிலானியின் பெயர். கூடவே ஒரு குரல் பதிவு.

“கட் பண்ணிட்டீங்களாம்மா? சரி. இனிமே எடுக்க மாட்டேன்.”

ஜீவராணி திரும்பத் திரும்ப அழைத்தாள், மகள் எடுக்கவில்லை.

“எங்குடியக் கெடுத்துட்டீங்களே! ஒங்களுக்கு ஜன்னலும் வேணும், பிளேன்டியும் வேணும், எம்புள்ளயும் போகணுமா?”

மூக்காயி அக்கா போனை வாங்கி, மைக் படத்தை அழுத்திப் பிடித்து, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அலறினாள்.

“அடியே டிலானி! கட் பண்ணது நாந்தாண்டி, இந்தக் கெழட்டுக் கழுத! ஒங்கம்மா வேலைக்கும் போகாம, நல்ல சீலையக் கட்டிக்கிட்டுக் காத்துக் கெடக்கா. இப்ப எடுக்கல, நீ வர்றன்னிக்கு ஏர்போட்லயே வந்து மொத்துவேன்!”

இரண்டு சரிக்குறிகளும் நீலமாயின.

போன் அடித்தது.

“பச்சய அமுக்கு புள்ள, பச்ச!”

“அம்மா...” என்ற விசும்பல் குசினியை நிறைத்தது. மூக்காயி அக்கா பாதி குடித்த பிளேன்டியைக் கோப்பையோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அங்கே இன்னும் இரண்டு பேர் போனோடு நின்றார்கள்.

“இன்னைக்கி ஜன்னல் கெடையாது. போங்கடி!” என்று அவர்களையும் தள்ளிக்கொண்டு வெளியேறி, கதவை இழுத்துச் சாத்தினாள்.