வேல்சாமி கொடுத்த கல்யாணக் கேசட்

நம்பாதவர்கள் ராஜபாளையத்துக்கு வந்து சுப்புராஜைக் கேட்டுக்கொள்ளலாம். வீடியோ லைப்ரரியை மூடிவிட்டு இப்போது டி.வி. ரிப்பேர் பார்க்கிறார். இந்த விஷயத்தைப் பற்றி அவராக வாய் திறக்க மாட்டார். ஆனால் பொய் என்றும் சொல்ல மாட்டார்.

1991. அந்த வருஷம்தான் அந்த இங்கிலீஷ் படம் வீடியோ கேசட்டாக வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்றே நாள் ஓடிய கொலைப் படம். பனி கொட்டும் ஊரில் ஒரு பெரிய பங்களா. விருந்து நடக்கும் வீட்டில், வீட்டுக்காரி குளியலறையில் செத்துக் கிடப்பாள். உள்ளே இருப்பது எட்டுப் பேர். கொன்றது யார்? தியேட்டருக்கு வந்த பெட்டியில் கடைசி ரீல் இல்லை. மூன்று நாளும் ஜனம் கொலைகாரனைத் தெரிந்துகொள்ளாமலே வீட்டுக்குப் போனது. அதனால்தான் கேசட்டுக்கு அத்தனை கிராக்கி. மில் ஆபீஸர்கள் கேட்டார்கள். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கேட்டார்கள்.

மதுரையிலிருந்து சுப்புராஜுக்கு ஒரே ஒரு கேசட் கிடைத்தது. அதுவும் ஒரு நாளைக்கு. உடனே காப்பி எடுக்க வேண்டும். கடையில் காலி கேசட் இல்லை. அலமாரியில் வேல்சாமி கொடுத்தது மட்டும் இருந்தது.

வேல்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருந்தவன். சுப்புராஜிடம் வாடிக்கையாகக் கேசட் எடுப்பவன். அந்த வருஷம் சித்திரையில் அவன் பெண்டாட்டி குருவம்மாள் தீப்பிடித்துச் செத்தாள். ஸ்டவ் வெடித்தது என்று எழுதிக்கொண்டார்கள். ஊரில் வேறு மாதிரிப் பேச்சு. ஆனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை. காரியம் முடிந்த மறு மாதமே கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"வீட்ல கெடந்தா மனசு கெட்டுப்போகுது அண்ணாச்சி. இதுல வேற என்னமும் ஏத்திக்கிடுங்க."

சொல்லும்போது அவன் சுவரில் ஒட்டியிருந்த புதுப்பட போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுப்புராஜ் அதைக் கவனித்தார். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை. வாடிக்கைக்காரனிடம் எதற்கு வம்பு?

அந்தக் கேசட்டில்தான் இங்கிலீஷ் படத்தை ஏற்றினார். மிச்ச இடத்தில் பாட்டுகளைப் போட்டு நிரப்பினார். கல்யாணம் துளிகூட மிஞ்சவில்லை. முழுதாக ஓட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார்.

முதலில் எடுத்துப்போனவன் காலேஜ் பையன். மறுநாள் வந்து, கொலைகாரன் யார் என்று துப்பறிகிறவர் சொல்லப்போகிற இடத்தில் படம் கோடு கோடாகப் போகிறது என்றான். சுப்புராஜ் போட்டுப் பார்த்தார். நன்றாக ஓடியது.

அடுத்தது ஒரு டாக்டர் வீடு. அதே இடத்தில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்கிறது, எங்கள் வீட்டில் அப்போது அடுப்பே எரியவில்லை என்று டாக்டர் சம்சாரம் சொல்லி அனுப்பினாள். மறுபடி போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக எடுத்துப்போனவர் பஞ்சு வியாபாரி. அவர் காரணம் சொல்லவில்லை. கேசட்டை மேஜையில் வைத்தார். "இத வச்சுக்கிடாதீங்க" என்றார். போய்விட்டார்.

ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி. வெளியே தூறல். கடையில் யாரும் இல்லை. நனைந்த சேலையோடு ஒரு அம்மா படியேறி வந்தாள். பிளவக்கல் அணைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பெயர் பிச்சையம்மாள்.

குருவம்மாளின் தாய்.

மருமகனிடம் கல்யாணக் கேசட்டைக் கேட்டிருக்கிறாள். சுப்புராஜிடம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"எம் மக பேசுத சத்தம் அதுல மட்டுந்தான் இருக்கு தம்பி. போட்டோவுல சத்தம் இல்லேல்லா" என்றாள்.

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சுப்புராஜுக்கு மனசு வரவில்லை. அழித்துவிட்டதைச் சொன்னார். எதை ஏற்றினேன் என்பதையும் சொன்னார்.

அவள் அழவில்லை. ஏதாவது ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், போட்டுக் காட்டுங்கள் என்றாள். இல்லை என்று அவளுக்கும் தெரியட்டும் என்றுதான் சுப்புராஜ் போட்டார்.

மணி 2.50. படம் ஓடியது. பனி. பங்களா. வெள்ளைக்காரர்கள். அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, அத்தனை முகத்திலும் மகளைத் தேடினாள். பார்க்கச் சகிக்காமல் சுப்புராஜ் வேகமாக ஓட்டினார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் சாதாரணமாக விட்டார்.

மணி 3.14. துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். எழுந்து நின்றார். கையை நீட்டினார்...

கோடுகள்.

மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். சத்தம் நின்றது. ரிமோட்டை அமுக்கினார். வீடியோ டெக் நிற்கவில்லை.

எண்ணெய் கொதிக்கிற சத்தம்... மெதுவாக... பிறகு நன்றாக.

கோடுகள் விலகின. ஓர் அடுப்படி தெரிந்தது. வெள்ளைக்காரன் அடுப்படி இல்லை. நம் ஊர் அடுப்படி. நீல டைல்ஸ் ஒட்டிய சுவர். கறுப்புக் கல் மேடை. கேஸ் அடுப்பு. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முகம் தெரியவில்லை. ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இது அவிய வீட்டு அடுப்படி இல்லையே" என்றாள் பிச்சையம்மாள். "அங்க கரிபிடிச்ச சுவருல்லா. எம் மக தரையில குத்தவச்சுத்தான் பொங்குவா."

அடுப்புக்கு மேலே ஜன்னல். மூன்று கம்பி. வெளியே இருட்டு.

இருட்டில் ஏதோ அசைந்தது.

ஒரு முகம் கம்பியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

பாதி முகம்தான் முகமாக இருந்தது.

"ஏட்டி... குருவு..."

தாய் எழுந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவளின் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. திரும்பத் திரும்ப ஒரே சொல். அடுப்படிக்குள் நின்றவள் நிமிரவே இல்லை.

"என்ன சொல்லுதா..." என்று கேட்டார் சுப்புராஜ்.

"போயிருன்னு சொல்லுதா" என்றாள் தாய்.

உதடு அசைந்தது. போயிரு. போயிரு.

பிறகு, பின்னால் எங்கேயோ...

க்ளக்.

கதவுத் தாழ்ப்பாள். வெளியிலிருந்து போடுகிற சத்தம்.

கோடுகள்.

மணி 3.17.

மறுபடி பனி. பங்களா வாசலில் போலீஸ் வண்டி. ஒருவனுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். யார் அது என்று பிச்சையம்மாள் கேட்டாள். செத்தவளின் புருஷன், அவன்தான் கொன்றவன் என்று சுப்புராஜ் சொன்னார்.

"அங்க புடிச்சுட்டாகளாக்கும்" என்றாள்.

அதற்கு மேல் படத்தைப் பற்றி அவள் பேசவில்லை. மகளைப் பற்றித்தான் சொன்னாள். அடி தாங்காமல் குருவம்மாள் இரண்டு தடவை தாய் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் இவளே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"அந்தக் கோவம். அதான் என்னயப் போகச் சொல்லுதா. செத்தும் ஆறல."

கேசட்டைக் கொடுத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே சுப்புராஜ் கேசட்டின் நாடாவை உருவிக் கொளுத்தினார். அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தார்.

அடுத்த மாதம், கார்த்திகையில், வேல்சாமி மறு கல்யாணம் செய்தான். பத்திரிகை வந்தது. சுப்புராஜ் போகவில்லை.

1992 மார்கழி. வேல்சாமி வீட்டில் மறுபடியும் சாவு. இரண்டாம் பெண்டாட்டி பாலம்மாள். கேஸ் கசிந்து தீப்பிடித்தது என்றார்கள். கல்யாணத்துக்குத்தான் போகவில்லை, துட்டிக்காவது போக வேண்டுமே என்று சுப்புராஜ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்.

வாசலில் வேல்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். கைகால் கழுவ சுப்புராஜ் பின்பக்கம் போனார். அடுப்படிக் கதவு திறந்து கிடந்தது.

கரி படிந்த நீல டைல்ஸ். வெடித்த கறுப்புக் கல். ஜன்னலில் மூன்று கம்பி.

சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கொத்தனார் சிவனாண்டி, பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். இந்த அடுப்படி எப்போது கட்டியது என்று சுப்புராஜ் கேட்டார்.

"நாந்தான் கட்டுனேன். மொதல் சம்சாரம் செத்த எடத்துல கால் வைக்க மாட்டேன்னு புதுப்பொண்ணு ஒரே பிடிவாதம். பழச இடிச்சுட்டு போன மாசியிலதான் முடிச்சோம். டைல்ஸு கூட அந்தப் புள்ள எடுத்ததுதான்."

கேசட் ஓடியது அதற்கு முந்தின ஐப்பசியில். அப்போது இந்த அடுப்படி இல்லை. பாலம்மாள் இந்த வீட்டுக்கு வரவும் இல்லை.

வாசலில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் சுப்புராஜ் போனார். ஒரு வீடியோ கேசட்டில் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். எந்தக் கேசட், கொண்டு வாரும் என்றார் அவர். கொளுத்திவிட்டேன் என்றார் சுப்புராஜ். போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்தார். வேல்சாமியும் பார்த்தான்.

மறுநாள் காலை, முதல் பஸ்ஸிலேயே பிளவக்கல் பக்கம் போனார். உங்கள் மகள் உங்களைப் போகச் சொல்லவில்லை, அடுப்படிக்குள் நின்றவளைத்தான் சொன்னாள் என்று அந்தத் தாயிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று.

வீடு பூட்டிக் கிடந்தது. பிச்சையம்மாள் ஆடியிலேயே செத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கடைசி ஒரு மாதம் அன்ன ஆகாரம் இல்லையாம். யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லையாம்.

"எம் மக என்னயப் போகச் சொல்லிட்டா, போறேன் போறேன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தா" என்றாள்.