பேசினால் வெளியே கேட்காத ஹெல்மெட்

விழுப்புரத்தில் ஒரு ஹெல்மெட் கடையில் நின்றுகொண்டு, புது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, தாடைப் பகுதியை இறக்கி, முன் கண்ணாடியையும் மூடிக்கொண்டு, "இன்னைக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு" என்று சொன்னேன். பிறகு தாடையைத் தூக்கிவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தேன்.

"நான் பேசினது கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு சார். பீர்க்கங்காய்னீங்க."

"அப்ப இது வேணாம். வேற எடுங்க."

அவருக்கு முப்பது வயது இருக்கலாம். கழற்றிக் கொடுத்ததை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் வெளி சத்தம் உள்ள கேக்குதானு பாப்பாங்க. நீங்க என்னா சார், உள்ள பேசறது வெளிய கேக்குதானு பாத்துக்கினு இருக்கீங்க?"

உமக்கு எதுக்குய்யா அதெல்லாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்று விழுங்கிக்கொண்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. உண்மையான பதிலைத்தான் சொல்ல முடியாது.

உண்மை இதுதான். என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம் வண்டி ஓட்டிக்கொண்டே, ஹெல்மெட்டுக்குள் நான் அவளிடம் பேசிக்கொண்டு போகிறேன்.

பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அவள் பதில் பேசுகிறாள் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், அவ்வளவுதான். காலையில் என்ன சமைத்தேன், உப்பு கூடிப்போனது, பக்கத்து வீட்டு முருங்கை மரம் மதில்மேல் சாய்ந்துவிட்டது, பேத்திக்குப் பல் விழுந்திருக்கிறது. இப்படித்தான். வீட்டில் பேசிப் பார்த்தேன், முடியவில்லை. வெறும் கூடத்தில் என் குரலைக் கேட்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஜன்னல் வழியாக யாராவது பார்த்தால் மானம் போய்விடும். முகம் முழுக்க மூடிய ஹெல்மெட்டுக்குள் அந்தத் தொல்லை இல்லை. நெடுஞ்சாலையில் ஒருவன் வாய் அசைகிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

வீடு திண்டிவனம். வேலை விழுப்புரத்தில், ஒரு பாலிடெக்னிக்கின் வேதியியல் ஆய்வகத்தில். அங்கே என்னிடம் பேசுகிறவர்கள் "சார், பியூரெட் உடைஞ்சிடுச்சு" என்பார்கள். வீட்டுக்குத் திரும்பினால் அந்தப் பேச்சும் கிடையாது. நடுவில் அந்த ஐம்பது நிமிடம்தான் நான் வாயைத் திறந்து பேசுகிற நேரம்.

அப்படியிருக்க ஹெல்மெட்டை ஏன் மாற்ற வேண்டும் என்றால், அதற்குச் சாப்பாடுதான் காரணம். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். கோடையில் கவலையில்லை, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். ஐப்பசி பிறந்தால் கஷ்டம். ஐந்து மணிக்குக் கல்லூரி விட்டுக் கிளம்பினால் விக்கிரவாண்டி தாண்டும்போதே சூரியன் இறங்கிவிடும். ஆய்வகத்தில் அமில நெடியில் உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்காது. ஆகவே சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, இடது பக்கம் சூரியனைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். இது முப்பது வருடப் பழக்கம்.

அவள் இருந்தபோது சரியாக அந்த நேரத்துக்குப் போன் வரும். அவள் ஜைன மடம் இருக்கிற மேல்சித்தாமூர்ப் பக்கம் பிறந்தவள். இந்த விஷயத்தில் என்னைவிடக் கறார்.

"சாப்ட்டீங்களா? பொழுது இருக்குதா?"

"ம்."

அவ்வளவுதான் என் பதில். அந்த 'ம்'மைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். சில நாள் அதுகூடச் சொல்லாமல், "பொழுது இருக்குதா இல்லியானு எனக்குத் தெரியாதா, சும்மா பேஜாரு பண்ணாத" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போன் வரும்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அவள் பேசிக்கொண்டே வருவாள். அவள் அம்மா வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். என் முதுகோடு ஓயாத பேச்சு. நான் ஹெல்மெட்டுக்குள் இருந்து, "கேக்கல, வீட்டுக்குப் போய்ச் சொல்லு" என்று கத்துவேன். வீட்டுக்குப் போனதும் நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒருமுறை செஞ்சி ரோட்டில் ஒரு போலீஸ்காரர் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியை மட்டும் தூக்கிவிட்டபடி வண்டியில் போனார். ஹெல்மெட் தலையில் இருந்தது, முகம் முழுக்க வெளியே தெரிந்தது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வண்டியை விட்டு இறங்கியதும் முதல் பேச்சே அதுதான்.

"அந்த மாதிரி ஒண்ணு வாங்குங்களேன். தாடையைத் தூக்கி உட்டுக்கினா நான் பேசறது காதுல உழும் இல்ல?"

"தலையில மாட்டறது ஹெல்மெட்டா, பீரோவா? தொறந்து தொறந்து மூடறதுக்கு?"

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு நாலைந்து தடவை கேட்டிருப்பாள். நான் ஒவ்வொரு தடவையும் அதே பீரோவைச் சொன்னேன், அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன கார்த்திகையில் ஒரு நாள் கிளம்பத் தாமதமாகிவிட்டது. விக்கிரவாண்டியில் வண்டியை நிறுத்தும்போது சூரியனுக்கும் மரங்களுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளிதான் இருந்தது. என் பழைய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டுமானால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அவசர அவசரமாக எடுத்து டேங்க் மேல் வைத்தேன். தயிர் சாதத்தையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலையும் நின்றபடியே விழுங்கினேன். ஹெல்மெட்டை மாட்டிக் கிளம்பி, ரோட்டில் ஏறி, ஏன் எல்லாம் மங்கலாக இருக்கிறது என்று யோசிக்கிறேன், டேங்க் மேலிருந்து ஏதோ நழுவி விழுந்த சத்தம் கேட்டது. வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போய்விட்டது.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாமே புகைதான். இருட்டுகிற நேரம். கரும்பு ஏற்றிப்போன ஒரு டிராக்டரின் பின்னாலேயே ஊர்ந்து, அது திரும்பிய இடத்தில் ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்து, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தேன். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது, வழி முழுக்க அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பயத்தில் அவள் நினைப்பே வரவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் ஞாயிற்றுக்கிழமை இதை உளறிவிட்டேன். பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு இங்க வந்துடுங்க. இல்ல பஸ்ல போங்க. ரெண்டும் முடியாதுன்னா தாடை தொறக்குற ஹெல்மெட்டா வாங்குங்க. கண்ணாடியைக் கழட்டவே வேணாம், அப்படியே நின்னு சாப்பிடலாம். அம்மா எத்தினி தடவை சொன்னாங்க?"

"சரிம்மா."

"கண் கெட்ட அப்புறம் சூரிய நமஸ்காரம்!" என்று சொல்லிப் போனை வைத்தாள். என் மகள்தானே, கோபத்துக்கு என்ன குறைச்சல்.

புதுக் கண்ணாடி வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் பஸ்ஸில் போனேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, முழங்கால் வலியும் இல்லை. ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள். வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் திண்டிவனத்தில் இறங்கும்போது அழுகை வந்துவிடும் போல இருந்தது. சொல்லாமல் சேர்ந்துபோனவை அத்தனை இருந்தன. கண்ணாடி கைக்கு வந்த அன்றே கடைக்குப் போய்விட்டேன்.

இரண்டாவதாக எடுத்துக்கொடுத்ததைக் கவிழ்த்து உள்ளே தடவிப் பார்த்தேன். தோல் எங்களுக்கு ஆகாது. "தோலு எதுவும் வச்சுத் தைக்கலியே?" என்று கேட்டேன். "அட, எல்லாம் துணியும் ஸ்பாஞ்சும்தான் சார்" என்றார். மாட்டி மூடிக்கொண்டு, "உப்பு கம்மி" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டது. தாடையும் நடுவில் பாதியிலேயே நின்றது. வேண்டாம் என்றேன்.

மூன்றாவது கொஞ்சம் கனம். தாடை நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தித் தூக்கினால் டக்கென்று மேலே போய் நின்றது, இழுத்தால் டக்கென்று பூட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடியோடு அப்படியே தலையை நுழைக்க முடிந்தது. தாடையைத் தூக்கிவிட்டு அங்கிருந்த நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தாடையைத் தூக்கினால் முகம்தான் திறக்கிறது. காது இரண்டும் மூடியபடியேதான் இருக்கின்றன.

அவளுக்கு அது தெரிந்திருக்காது. இதை வாங்கியிருந்தாலும் பின்னாலிருந்து அவள் பேசியது எனக்குப் பெரிதாகக் கேட்டிருக்காது. ஆனால் அவள் பேசியது கேட்காமல் போனதற்கு ஹெல்மெட்டா காரணம்? வண்டியை ஓரமாக நிறுத்தி, என்னடி சொன்னே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதுமே. நான் கேட்கவில்லை. அந்தக் கடையில், அத்தனை ஹெல்மெட்டுகளுக்கு நடுவில், எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

தாடையை இறக்கி, முன் கண்ணாடியை மூடினேன். இந்தத் தடவை காய்கறி, உப்பு எதையும் சொல்லவில்லை.

"நீ கேட்டதைத்தான் வாங்கறேன்."

தூக்கிவிட்டுப் பார்த்தேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். "ஒண்ணும் கேக்கல சார். பேசினீங்களா?"

"பேசினேன்."

"அப்ப இதுதான் உங்களுக்கு."

ஹெல்மெட் அவ்வளவு நல்லதா, இல்லை நான்தான் அவ்வளவு மெதுவாகச் சொன்னேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பையில் போட்டுக் கொடுக்கும்போது, "பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க சார். ரெண்டு பேரும் போடணும் இப்ப" என்றார்.

"ஒண்ணு போதும்."

"வீட்ல வண்டியில வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க" என்றேன்.

மார்கழி முழுக்க அந்த ஹெல்மெட் எனக்குச் சௌகரியமாக இருந்தது. முதல் சில நாள் கழுத்து வலித்தது, பிறகு பழகிவிட்டது. விக்கிரவாண்டியில் வண்டியை நிறுத்துவேன், பொத்தானை அழுத்தித் தாடையைத் தூக்குவேன், டப்பாவைத் திறப்பேன். கண்ணாடி முகத்திலேயே இருக்கும். சூரியன் தெளிவாகத் தெரியும். பொழுதோடு இனிப் போட்டி இல்லை என்று அவளிடமும் சொன்னேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடை அம்மா வழக்கம்போல டீயைக் கையோடு கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. பாய்லர் பக்கம் நின்று டீ ஆற்றிக்கொண்டே இருப்பார், அதிகம் பேசமாட்டார். அன்று டம்ளரை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

"போன்ல வீட்டம்மாவா சார்?"

எனக்குப் புரியவில்லை. போன் சட்டைப் பையில் கிடந்தது.

"இல்ல, அந்தக் குல்லாவுக்குள்ளயே போன் பேசற மிஷினு வருதாமே. தெனமும் பாக்கிறேன், சாப்டுக்கினே பேசிக்கினு இருக்கீங்க. பொழுது இருக்குது, இட்லிதான், துவையல் காரம்னு. அதான் வீட்லதான்னு நெனச்சேன்."

தினமும். தாடை திறந்திருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. ஒன்றரை மாதமாக, அந்தக் கடைக்கும் ரோட்டுக்கும் கேட்கிற மாதிரி நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் மூன்று ஹெல்மெட்டை மாட்டிச் சோதனை செய்த கெட்டிக்காரன் நான்.

"ஆமாம்மா" என்றேன். "வீட்லதான்."

"எங்க வூட்டு ஆளும் இருக்குதே, கல்லு மாதிரி. கேட்டா ஒரு 'ம்'. அத்தோட சரி." நான் குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியவர் நின்று சொன்னார். "குடுத்து வச்சவங்க சார் உங்க வீட்டம்மா."

அவர் போய் அடுத்த ஆளுக்கு டீ ஆற்ற ஆரம்பித்துவிட்டார். டப்பாவில் ஒன்றரை இட்லி மிச்சம் இருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தபோது சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. டப்பாவை மூடிப் பையில் வைத்தேன்.

தாடையை இறக்கிப் பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன். சுங்கச்சாவடி தாண்டியதும் சொன்னேன்.

"கேட்டியா, அந்தம்மா சொன்னதை? நீ குடுத்து வச்சவளாம்."

லாரிகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் ஓரமாக, மெதுவாகவே ஓட்டினேன். அவளுக்கு நான் தினமும் சொன்ன அந்த ஒரு 'ம்', அது மட்டும் திரும்பி வந்தால்கூடப் போதும் என்றிருந்தது.