மெய்லிங் வம்புக்கு இழுக்கிறாளாம்

என்னைப்போல இங்கிலீஷ் படிப்பித்து மாரடிக்கிறவர்களுக்குத் தெரியும், வில்லங்கமான கேள்வி வகுப்பு முடிகிற நேரத்தில்தான் வரும். பரமட்டா என்ற புறநகரில், சீனாவிலிருந்து வந்த பெரியவர்களுக்குப் படிப்பிக்கிறேன்.

கேட்டவள்

முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை செய்யும் மெய்லிங் அதிகம் பேசமாட்டாள். அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "'பிக் எ ஃபைட்' என்றால் என்ன?" என்றாள். சும்மா இருக்கிறவரை வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பது என்றேன். விளங்கவில்லை. "நான் பேசாமல் தேத்தண்ணி குடிக்கிறேன். நீ வந்து, என்ன இந்தக் கண்றாவிச் சட்டை என்கிறாய். அதுதான்" என்றேன்.

வகுப்பே பதறிப்போனது. மூத்த மாணவர் வூ எழுந்து நின்றார். "டீச்சரிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டோம். சட்டை நன்றாக இருக்கிறது."

நடித்தவள்

அடுத்த கிழமை வகுப்பில் அதையே நடிக்கவைத்தேன். மெய்லிங் மனேஜர், வூ தொழிலாளி. வூ கோப்பை கழுவுவதுபோலக் கையை ஆட்டினார். வாயே திறக்காத மெய்லிங், "நாய்க்குச் சொன்னாலும் விளங்கும், உனக்கு விளங்காது. எங்கே, திருப்பிக் கதை பார்ப்போம். கதைத்தால் வேலை போகும்" என்று கத்தினாள்.

வூவின் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வசனத்தை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.

"எங்கள் மனேஜர் தினமும் சொல்வது, டீச்சர். ஒருநாள் 'போதும்' என்றேன். நான்தான் 'பிக் எ ஃபைட்' என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போய்விடும்."

வீட்டில்

விசாரணைக்குத் துணையாகப் போகிறேன் என்றதும் என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "போம். ஆனா அங்க வாயைக் குடுத்து அந்தப் பிள்ளையின்ர வேலையைத் துலைச்சுப் போடாதையும்."

விசாரணை

துணைக்கு வருபவர் பேசக்கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். யார் சண்டையைத் தொடங்குவது என்று மேலிடத்துப் பெண்மணி கேட்டார். மெய்லிங் வகுப்பில் நிற்பதுபோல எழுந்து, "ஒருவர் பேசாமல் வேலை செய்கிறார். இன்னொருவர் வந்து..." என்று தொடங்கினாள்.

மனேஜர் மேசையில் அடித்தார். நாயில் தொடங்கி, மெய்லிங் வகுப்பில் நடித்த அத்தனையும் ஒன்றுவிடாமல் அவர் வாயிலிருந்தே வந்தது, எங்கள் எல்லோர் முன்னாலும். பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவரை வெளியே இருக்கச் சொன்னார். மெய்லிங்கின் வேலை தப்பியது.

படியிறங்கும்போது மெய்லிங் குறைப்பட்டுக்கொண்டாள். "முழுதாகப் பாடமாக்கியிருந்தேன், டீச்சர். அவர் முடிக்கவே விடவில்லை."

இத்தனை வருடம் தொண்டை கிழிய விளக்குகிற எனக்கு, அந்த மனேஜரைப்போல ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கவைக்க ஒருநாளும் முடிந்ததில்லை.