மாலை ஐந்து மணிக்குள் ஒரு முகம்

மருந்துக் கடை மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அக்காவுக்குப் பதினெட்டு வருடமாகப் பாஸ்போர்ட் அளவு முகங்கள்தான் பிழைப்பு. உட்காரச் சொல்வாள், தாடையை நிமிர்த்தச் சொல்வாள், ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவாள். அன்று நாலு மணிக்கு மூச்சு வாங்கப் படியேறி வந்த வெல்டரை அப்படி அனுப்ப முடியவில்லை.

சான்றிதழ் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஐந்து மணியோடு கெடு முடிகிறது. தேறினால்தான் பெரிய பட்டறையில் நிரந்தர வேலை. ஏற்கெனவே இரண்டு படங்களை இணையதளம் தள்ளிவிட்டது. முதல் படத்தில் மூக்கும் முழியுமே தெரியவில்லை. இரண்டாவது கடையில் பவுடரை அப்பி, போதாதென்று கணினியிலும் வெளுத்துக் கொடுத்தார்கள். அடையாள அட்டையோடு அந்த முகம் ஒத்துப்போகவில்லை.

"எம் பொண்ணே 'யாருப்பா இந்த மாமா'ன்னு கேக்குறாக்கா."

அக்கா வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "மொதல்ல பவுடரக் கழுவிட்டு வாங்க தம்பி. உங்க நெறத்துல ஒரு கொறையும் இல்ல. அவங்க உங்கள விட்டுட்டு செவுத்தப் படம் புடிச்சிருக்காங்க."

வெள்ளைச் சுவரைக் கண்டதும் கேமரா, வெளிச்சம் அதிகம் என்று தானாகவே குறைத்துக்கொள்ளும்; இருண்டுபோவது முகம். அவள் ஸ்டூலைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்தாள். ஃப்ளாஷை அணைத்தாள். அது கறுத்த தோலில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் புள்ளியாகப் பட்டுத் தெறிக்குமே தவிரப் பரவாது. இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி கட்டி, விளக்குகளைத் துணியின் பக்கம் திருப்பினாள். அவன் மடியில் ஒரு தெர்மோகோல் அட்டை. சுற்றி வந்த வெளிச்சம் கன்னத்து எலும்பில் மெல்லிய பளபளப்பாக ஏறி, தாடையோரம் இறங்கியது. கேமராவில் வெளிச்ச அளவைச் சுவருக்கு வைக்காமல் முகத்துக்கு வைத்தாள்.

"கண்ண இடுக்காதீங்க. இங்க ஒண்ணும் பொறி பறக்காது."

அவன் தளர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கணத்தில் எடுத்தாள்.

நாலு ஐம்பதுக்கு இணையதளம் படத்தை ஏற்றுக்கொண்டது. அவன் பரபரவென்று கிளம்புவான் என்று நினைத்தாள். அவனோ திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, இதையே பெரிதாக ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டான்.

"யாருக்கு?"

"அம்மாவுக்குக்கா. வீட்டு போட்டோ எல்லாத்துலயும் நான் சட்டையும் பல்லுமாத்தான் இருக்கேன். இதுலதான் அவங்க ஜாடை தெரியுது."

இந்த வேலை தனக்கு வாய்த்ததே என்று அக்காவுக்கு நிறைவாக இருந்தது. இருப்பதிலேயே நல்ல தாளாகத் தேடி எடுத்தாள்.