மலையைப் பாத்துப் படகு ஓட்டின கதை

படகு ஓட்டுற வேலையில பிரேக் கிடையாது, ஆனா தப்பு பண்ணா கரையில நிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். முதல் தடவ ஸ்டியரிங்கப் பிடிச்சு மானத்த விட்டவங்க உங்கள்லயும் இருப்பாங்க. அவங்களுக்குத்தான் இது.

அண்ணன் சொன்ன பொய்

தொண்ணூறு வாக்குல அந்தமானுக்கு வேலைக்குப் போனேன். ரெண்டு தீவுக்கு நடுவுல ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போற இன்ஜின் படகு. உள்ள ஊறுற தண்ணிய வாளியில மொண்டு ஊத்தறதுதான் என் வேலை. திருவண்ணாமலையில எனக்குப் பொண்ணு கேக்கப் போன அண்ணன், "தம்பி படகு ஓட்டறான்"னு சொல்லிட்டாரு. கிரிவலப் பாதையில இருக்கற அடி அண்ணாமலை கிராமத்துப் பொண்ணு. வைகாசியில கல்யாணம். பொண்ணோட தாய்மாமா அந்தமான்லயே வேலையில இருந்தாரு. நேர்ல வந்து பாத்துட்டுத்தான் சம்மதம்னுட்டாரு. நான் முதலாளிகிட்ட கெஞ்சினேன். அவர் சொன்னது: "மூணு தடவ சுக்கானத் தருவேன். அப்புறம் வாளிதான்."

குன்று

நடுக்கடல்ல நீரோட்டம் வடக்க இழுக்கும். எனக்கு பயமே இல்ல. எதிர்க்கரையில துறைக்குப் பின்னால ஒரு குன்று இருந்துச்சு. எங்க திருவண்ணாமலை பக்கம் வழி தவறினா மலையப் பாத்து நடப்போம், வீடு வந்துடும். கீழ்பென்னாத்தூர்ல இருந்து சைக்கிள்ல வந்தாலும் அதே கணக்குதான். அதனால படகு மூக்க குன்றுக்கு நேரா வச்சேன். ஓட்டம் தள்ளத் தள்ள, மறுபடியும் குன்றுக்கே திருப்பினேன். கடைசியில துறைய விட்டு ரொம்ப வடக்க போய், ஓட்டத்துக்கு நேர் எதிரா நின்னுக்கிட்டு இருந்தோம். இன்ஜின் கத்துது, படகு நகரல. ஸ்கூலுக்கு லேட்டான டீச்சரம்மா குடைய மடக்கிக்கிட்டே சொன்னாங்க: "குன்று நல்லா தெரியுதுப்பா. துறையத்தான் காணோம்."

ரெண்டு கம்பம்

இன்ஜின் பாக்குற மைக்கேல், தூத்துக்குடிக்காரன், வழி சொன்னான். கரையில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு அடையாளம் வச்சுக்கணும். அது ரெண்டும் நேரா தெரியற மாதிரி ஓட்டணும். மூக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் கவலையில்ல.

அப்படியே ஓட்டினேன். கடலுக்குள்ள நீட்டியிருந்த துறை முனையில ஒரு விளக்குக் கம்பம், அதுக்குப் பின்னால இன்னொரு கம்பம். பாதி வழியில பின்கம்பம் தெக்க நகர ஆரம்பிச்சுச்சு. நானும் விடாம வளைச்சேன். அது நங்கூரம் போட்டு நின்ன ஒரு மீன்பிடி படகோட கம்பம். சாப்பாட்ட முடிச்சுட்டு கெளம்பிட்டாங்க. மைக்கேல் தலையில கைய வச்சுக்கிட்டான்: "ஏல, தரையில நட்டு வச்சதப் பாருல!"

மாமா ஏறினாரு

மூணாவது தடவ முன்வரிசையில தாய்மாமா. விளக்குக் கம்பம், பின்னால தென்னமரம். ரெண்டும் தரையிலதான் நிக்குதான்னு ரெண்டு தடவ விசாரிச்சு வச்சிருந்தேன். மூக்க நல்லா தெக்க திருப்பிட்டேன். படகு நண்டு மாதிரி பக்கவாட்டுல போச்சு. "மாப்ள, துறை அங்க இருக்குது!"னு மாமா கத்தினாரு. நான் திரும்பல. சரியா துறைப் படிக்கட்டுலயே போய் இடிச்சு நிறுத்தினேன். அன்னைக்கே ஊருக்கு லெட்டர் போட்டாரு: "பையன் ஓட்டறது நிஜம்தான். ஆனா போற இடத்தப் பாக்க மாட்டேங்கறான்."

பௌர்ணமி

கல்யாணம் நடந்துச்சு. முதல் பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை போனோம். மாமியார் வீடு கிரிவலப் பாதைக்கு அந்தப் பக்கம். நடுவுல ஜனம் ஒரே பக்கமா ஓடுது. 'நம்ம வித்தைதானே'ன்னு வாசலுக்கு நேரா இறங்கி, கூட்டத்துக்கு எதிரா மூஞ்சத் திருப்பிக்கிட்டு, கரண்டு கம்பத்தையும் வேப்பமரத்தையும் நேரா வச்சுக்கிட்டு நடந்தேன். நாலு பேர் திட்டினாங்க, ஒரு சாமியார் கமண்டலத்தால இடிச்சாரு. அந்தப் பக்கம் போய்ச் சேரறப்ப என் பொண்டாட்டி வாசல்ல மோர் குடிச்சுக்கிட்டு இருக்கறா: "கொஞ்சம் முன்னாடியே கூட்டத்துல கலந்து, கூடவே நடந்து குறுக்க வந்தா வாசல்ல வந்து நிக்கப் போறோம். இதுக்கா கடல் தாண்டிப் போனீங்க?"

பத்து மாசம் உப்புத்தண்ணி குடிச்சு நான் கத்துக்கிட்டது, அந்தத் தெருவுல பொறந்தவங்களுக்கு செருப்பு போடாமலே வருது.