கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியவன்

தனபாக்கியத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ரஷ்யச் சண்டைப் படத்தைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், மனப்பாடமாகச் சொல்வார். ‘ஹீரோ செம கெத்து.’ ‘ரெண்டாவது பாதி இழுவை.’ ‘கிராபிக்ஸ் மட்டம்.’ ‘டப்பிங் குரல் சகிக்கல.’ யூடியூபில் படத்துக்குக் கீழே கிடக்கும் கருத்துகளை மகள் ஆர்த்தி ஒவ்வொன்றாக வாசிப்பாள். தாய் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்பார். அந்தப் படத்தில் சில நொடிகள் அவருடைய மகன் யுவன் வருகிறான். அந்தச் சில நொடிகளில்தான் அவன் செத்தான்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து விடியலில் அலுமினிய அன்னக்கூடையோடு கிளம்பி, கீழ்வேளூரில் தெருத்தெருவாக மீன் விற்பவர் தனபாக்கியம். கூடையைப் பார்த்ததும் பேருந்து நடத்துநர் மூக்கைச் சுளிப்பார். அதே மீனை வீட்டில் குழம்பு வைத்துத் தின்கிற மூக்குதான் அது. நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வயல் வரப்பிலேயே கூடை காலியாகிவிடும். மற்ற நாட்களில் வெயில் ஏற ஏற விலையை இறக்க வேண்டும். கணவர் சிங்காரவேலு குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். மதுக்கடை வாசலிலிருந்து அப்பாவைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்த பையன் யுவன். அந்த வாடையே அவனுக்கு ஆகாது. கல்யாண வீட்டில் கூட்டாளிகள் பாட்டிலைத் திறந்தால் எழுந்து போய்விடுவான்.

கப்பல் கட்டும் இடத்தில் துருச் சுரண்டுகிற வேலை என்று ஒரு ஏஜென்ட் சொல்லி, யுவன் ரஷ்யாவில் ஒரு துறைமுக ஊருக்குப் போனான். அங்கே ஒரு குளிர்காலத்தில் பழைய கப்பலில் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். வேலைக்காரர்களில் சிலரை வில்லனின் அடியாட்களாக நிறுத்தினார்கள். அன்று இரவு அவன் அம்மாவிடம் பேசினான்.

“அம்மா, நாளைக்கு சினிமாவுல குதிக்கிறேன்.”

“எங்கேருந்துடா?”

“கப்பல்லேருந்துதான். யாருக்கு நீச்சல் தெரியும்னு கேட்டாங்க. எல்லாப் பயலும் முழிச்சான். நான் கைய தூக்கிட்டேன். கடல்ல பொறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையாம்மா?”

“படம் வந்தா காட்டு. வில்லனா நீ? மூஞ்சியப் பாத்தா ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

சிரித்தார்கள். மறுநாள் மாலை ஏஜென்ட் பேசினான். லீவு எடுத்துக் குடித்துவிட்டுத் துறைமுகத்தில் தவறி விழுந்துவிட்டானாம்.

சண்டைக் கலைஞர் குதித்தால் அவருக்குக் காப்பீடு வேண்டும், குளிர் தாங்கும் உடுப்பு வேண்டும், தூக்கியெடுக்கப் பக்கத்தில் படகு வேண்டும். கூலிக்கு வந்தவனுக்கு ஒரு தோல் சட்டை போதும். பனிக்கட்டி மிதக்கும் நீரில் விழுகிற உடம்பு அந்த அதிர்ச்சியில் தன்னை மீறி மூச்சை உள்ளே இழுக்கும். நீருக்குள் இழுத்தால் நீர்தான் உள்ளே போகும். எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் அதற்கு விலக்கல்ல. வங்கக் கடலின் வெதுவெதுப்பில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கடல் என்றால் எல்லாம் ஒரே கடல் என்று நினைத்தான். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் செத்த பிறகுதான் பேசினார்கள். வேலையில் செத்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும், குடிகாரனுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வந்தது. பதினாறாம் நாள் காரியத்தில், ஊர்த் தலைவர் பஞ்சநதம் எல்லோர் காதிலும் விழும்படி பெருமூச்சு விட்டார். “அப்பன் போன வழிதான்.”

“எம்புள்ள சினிமாவுல குதிக்கப் போனான் அண்ணே.”

“சினிமாவாம்!” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. “ரஷ்யாக்காரனுக்கு வேற ஆளே கெடைக்கல போலருக்கு.”

அன்றிலிருந்து தனபாக்கியத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மகன் மேல் ஒட்டிய அந்தக் குடிகாரப் பட்டம் உரிந்து விழ வேண்டும். அதற்குப் படம் வர வேண்டும். படத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கீழ்வேளூரில் செல்போன் கடை வைத்திருக்கும் லியாகத் அலி வாடிக்கையாக அவரிடம் மீன் வாங்குபவர். “பாய், கப்பல் சண்டை வர்ற ரஷ்யப் படம் வந்தா சொல்லுங்க” என்று அவரிடம் சொல்லிவைத்தார்.

எல்லாப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க லியாகத் அலிக்கு ஏது நேரம்? தமிழ் டப்பிங்கில் யூடியூபில் புதிதாக வரும் ரஷ்யப் படங்களின் கருத்துகளை மட்டும் வாசிப்பார். கப்பல் இருந்தால் எவனாவது சொல்லாமல் விடமாட்டான் என்பது அவர் கணக்கு. ஒரு வருஷத்துக்குமேல் அப்படியே போனது. ஒரு நாள் தெருவில் கூடையோடு போனவரை ஓடிவந்து நிறுத்தினார்.

“அக்கா, கூடைய எறக்குங்க. ஒருத்தன் எழுதியிருக்கறத கேளுங்க. ‘ஒரு மணி பதினாலாவது நிமிஷம் பாருங்க மக்களே. வில்லனோட அடியாள் ஒருத்தன் குதிக்கிறதுக்கு முன்னாடி கப்பல் கம்பிய தொட்டு கண்ணுல ஒத்திக்கிறான். ரஷ்யாவுல ஏதுடா இந்த பக்தி?’ கீழ முன்னூறு பேரு சிரிச்சிருக்கான்.”

தனபாக்கியம் சிரிக்கவில்லை. கடலில் இறங்குமுன் ஒரு கை நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அந்தக் கரையின் வழக்கம். சாமி இல்லை என்று வாதாடுபவன் கையும் அங்கே தானாக நீளும். சோறு போடுகிற இடத்துக்குச் செய்யும் மரியாதை அது. உயரத்தில் நின்றவனுக்கு நீர் எட்டவில்லை. கம்பியைத் தொட்டிருக்கிறான்.

லியாகத் அலி அந்த இடத்தை ஓடவிட்டார். தோல் சட்டை, ஒட்டுத் தாடி. கை கம்பியைத் தொட்டது, கண்ணுக்குப் போனது. அவன் குதித்தான். உடனே திரையில் கதாநாயகன் துப்பாக்கியோடு ஓடினான்.

“மேல வர்றானா பாய்?”

“அத காட்டலக்கா.”

“இன்னும் கொஞ்சம் ஓட விடுங்க.”

படம் முடியும்வரை கடை வாசலில் நின்று பார்த்தார். கூடையில் ஐஸ் உருகி மீன் நசநசத்துப் போனது.

மறுநாள் குப்பத்தில், வலை பின்னும் கொட்டகையில் பஞ்சநதத்தின் கையில் ஆர்த்தி போனைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“நம்ம புள்ளதான்” என்றார். “குடிச்ச கை இவ்வளவு நிதானமா போகாது. தப்பா பேசிட்டேன் தனபாக்கியம்.”

“எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? அன்னைக்கு எத்தன பேரு முன்னால சொன்னீங்களோ, அத்தன பேரு முன்னால சொல்லுங்க அண்ணே.”

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவர் சொன்னார். பழி சொன்னபோது இருந்த குரல் இப்போது இல்லை. பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு, மரண அறிக்கையிலிருந்தும் அந்தப் பழியை நீக்கச் சொல்லித் தாயும் மகளும் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லா நாற்காலியும் ஒரே மரம்தான். அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். போனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“இது நான் பாத்த படம்தாம்மா. சண்டையெல்லாம் நல்லா எடுத்திருப்பான்.”

“குதிக்கிறது எம்புள்ளைங்க சார்.”

“இருக்கலாம்மா. ஆனா இது சினிமா. இத வச்சு நான் என்ன எழுதுறது? அங்கேருந்து வந்த ரிப்போர்ட்ல வேலை நேரத்துக்கு வெளியே, மது அருந்திய நிலையில்னு இருக்கு.”

“அத எழுதுனவன் பாத்தானா சார்? இத நீங்களே கண்ணால பாத்தீங்களே.”

அதிகாரி போனைத் திருப்பிக் கொடுத்தார். ஊர் உலகமெல்லாம் பார்த்த மரணம் சாட்சியாகாது. ஒருவனும் பார்க்காத குடி ஆவணமாகும். இதற்குப் பெயர்தான் நடைமுறை.

ஆர்த்தி ஆத்திரத்தில், அந்தச் சிரிப்புக் கருத்துக்குக் கீழே எழுதினாள்: ‘அது என் அண்ணன். அப்படிக் குதித்தபோதுதான் செத்தான்.’ பதில்கள் வந்தன. ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘லைக் வாங்க இப்படியெல்லாமா?’ ‘ஆதாரம் இருக்கா?’ ‘அப்ப அது கிராபிக்ஸ் இல்லையா? படம் வேற லெவல்!’ முதலில் கேலி எழுதியவன் மட்டும் தன் கருத்தை அழித்திருந்தான். அதனுடன் ஆர்த்தி எழுதியதும் போய்விட்டது.

“போனா போவுது” என்றார் தனபாக்கியம், மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே. “நான் சொல்றேன், புதுசா எழுது. குதிச்சவன் பேரு யுவன். அவன் குடிக்க மாட்டான்.”

ஆர்த்தி எழுதினாள். “வேறம்மா?”

தாய் யோசித்தார். பக்கத்து வீட்டுப் பையன் பாஸ்போர்ட் எடுக்கப் போயிருந்தான்.

“அந்தத் தண்ணி நம்ம தண்ணி இல்லன்னு எழுது. அங்க வேலைக்குப் போற புள்ளைங்க, நீச்சல் தெரியுமான்னு எவன் கேட்டாலும் கைய தூக்காதீங்கன்னு எழுது.”

எழுதி முடித்ததும் ஆர்த்தி படித்துக் காட்டினாள். மேலே ஒருவன் படத்துக்குப் பத்துக்கு ஆறு மார்க் போட்டிருந்தான். அவள் அதையும் படித்தாள். தனபாக்கியம் அடுத்த மீனை எடுத்தார்.